ஏன் இரண்டு தடவை உறைய வைக்கிறார்கள்?

மார்ச் 4

தம்பிக்கு,

இனிமேல் உன் போனை எடுக்கப் போவதில்லை. கோபம் இல்லை, களைப்பு. நேற்று நீ கத்தியது ஸ்பீக்கரில் போடாமலேயே பார்லர் முழுக்கக் கேட்டது. தலையில் சாயத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த டீச்சரம்மா, "யாருங்க, வீட்டுக்காரரா?" என்று கேட்டார். "தம்பி" என்றேன். "அதானே பார்த்தேன், வீட்டுக்காரருக்கு இவ்வளவு தைரியம் ஏது" என்றார். சிரித்து வைத்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏதாவது சொல்ல வேண்டுமானால் எழுது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. நான் சொல்வதை ஒரு தடவையாவது நீ முழுசாகக் கேட்டாக வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

ரிப்போர்ட்டை வாங்கிய கையோடு, ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து முதலில் உனக்குத்தான் போன் போட்டேன். கட்டின புருஷன், உன் மாமாவுக்குக்கூட அப்புறம்தான். "கட்டி" என்ற வார்த்தையைக் கேட்டதுமே நீ கத்த ஆரம்பித்தாய். அன்றிலிருந்து மூன்று தடவை பேசிவிட்டோம், இன்னும் நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வரவில்லை. இப்போது வருகிறேன்.

இடது மார்பில் பதினோரு மில்லிமீட்டர். புற்றுநோய்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மெதுவாக வளரும் வகை. அக்குளுக்குப் போனதாக ஸ்கேனில் தெரியவில்லை. டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். ஒன்று ஆபரேஷன். கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் சதையையும் வெட்டி எடுப்பார்கள், அக்குளையும் திறந்து பார்ப்பார்கள். இன்னொன்று, ஊசி மாதிரி மெல்லிய கம்பியைக் கட்டிக்குள் செலுத்தி, அதன் முனையைக் கடுங்குளிராக்கி, கட்டியை ஐஸ் உருண்டையாக்கிக் கொல்வது. மயக்க மருந்து இல்லை, மரத்துப்போக மட்டும் ஒரு ஊசி. தையல் இல்லை. முக்கால் மணி நேரத்தில் எழுந்து வீட்டுக்குப் போகலாம்.

அவர் எதையும் மறைக்கவில்லை. "இப்பவும் பெரும்பாலும் ஆபரேஷன்தாம்மா செய்றோம். இது எல்லாருக்கும் சரிப்படாது. வயசு அறுபது தாண்டி, கட்டி சின்னதா, மெதுவா வளர்றதா இருந்தா யோசிக்கலாம். பல வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்ங்கிறதுக்கு ஆபரேஷன் அளவுக்கு எங்ககிட்ட அனுபவம் இல்ல. மாத்திரை உண்டு, ஸ்கேன் உண்டு. சரியா வரலைன்னா அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கலாம், அந்தக் கதவு திறந்தேதான் இருக்கும்" என்றார்.

நான் ஊசிக்குச் சரி சொல்லிவிட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை கையைத் தூக்கி நிற்கிற தொழில் என்னுடையது. ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவின் கை என்ன ஆயிற்று என்று நாம் இரண்டு பேரும் பார்த்தோம். மார்ச் 27 தேதி கொடுத்திருக்கிறார்கள். மாமா சம்மதம். அதாவது, "உனக்கு எது சரின்னு படுதோ" என்று சொல்லிவிட்டுப் பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார்.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

எழுது என்றாய், எழுதுகிறேன். சர்வீஸ் ரிப்போர்ட் தவிர நான் எதையும் கையால் எழுதி முப்பது வருஷம் ஆகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பது உனக்கு மறந்துவிட்டதா? நான் குளிரை வைத்துப் பிழைக்கிறவன். மீன், கறி, தடுப்பூசி, ரத்தம் என்று ஊரில் எது எது கெடக்கூடாதோ அதெல்லாம் என் கம்ப்ரசர் ஓடுவதால்தான் கெடாமல் இருக்கிறது. குளிர் வைத்தால் எதுவும் சாகாது அக்கா. தூங்கும். வெளியே எடுத்து வைத்தால் எழுந்து உட்காரும். இதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லித் தர வேண்டாம். கட்டியை ஃப்ரீசரில் வைக்கிறேன் என்று ஒருத்தர் சொல்கிறார், நீயும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாய். வெட்டி எறிய வேண்டியதைப் பத்திரப்படுத்தி வைப்பார்களா யாராவது?

நீ கடிதத்தோடு வைத்து அனுப்பிய ஆஸ்பத்திரித் துண்டுத்தாளில் இன்னொன்றும் இருந்தது. உறைய வைத்து, இளக விட்டு, மறுபடி உறைய வைப்பார்களாம். ஏன் இரண்டு தடவை? முதல் தடவை மேல் அவர்களுக்கே நம்பிக்கை இல்லையா? ஒரு மெஷினை ரிப்பேர் பார்த்துவிட்டு, "எதற்கும் இன்னொரு தடவை பார்த்து விடுகிறேன்" என்று நான் சொன்னால் அடுத்த தடவை என்னைக் கூப்பிடுவார்களா?

வெட்டி எடுத்துவிடு. கை வலித்தால் வலிக்கட்டும். பார்லரை மூடு. உட்கார்ந்து சாப்பிட்டால் குறைந்தா போய்விடுவாய்? இங்கே வந்து இரு. உன் நாத்தனாரோடு சண்டை போட இங்கேயும் உனக்கு நிறைய விஷயம் கிடைக்கும்.

தம்பி

(உனக்கு அவள் தம்பி பெண்டாட்டி, நாத்தனார் இல்லை என்று அவளே பின்னாலிருந்து திருத்துகிறாள். நான் எழுதுவதைப் படிக்கிறாள். இந்த வீட்டில் இதுதான் நிலைமை.)


மார்ச் 14

தம்பிக்கு,

பார்லரை மூடு என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டாய். நான் உன்னைக் கோல்டு ஸ்டோரேஜை மூடச் சொன்னேனா?

ஏன் இரண்டு தடவை என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். அவர் விளக்கமாகத்தான் சொன்னார். நான் உனக்கு எழுதப் போவதில்லை. எழுதினால் அதிலும் ஒரு ஓட்டை கண்டுபிடித்து இரண்டு பக்கம் எழுதுவாய், எனக்குப் படிக்கப் பொறுமை இல்லை.

என் மார்பு ஃப்ரீசர் இல்லை. நீ அதற்கு மெக்கானிக்கும் இல்லை.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் அவசரத்துக்கு ஒரு நம்பர் கேட்டார்கள். உன் நம்பரைத்தான் கொடுத்தேன். மாமா போனை எங்கே வைத்தோம் என்று தேடுவதற்கே இன்னொரு போன் வேண்டும். இவ்வளவு சண்டைக்குப் பிறகும் கை தானாக உன் நம்பரை எழுதியது. என்னை நானே திட்டிக்கொண்டேன், ஆனால் எழுதிய நம்பரை அடிக்கவில்லை. அதற்காகவாவது கொஞ்சம் அடங்கி இரு.

அக்கா


மார்ச் 28

நேற்றுக் காலை எட்டு மணிக்கு நானும் மாமாவும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். முன்னால் பொத்தான் வைத்த சட்டையாகத் தேடிப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "நீங்க வரலைன்னு சொல்லிட்டாங்களேம்மா" என்றாள்.

"யார் சொன்னது?"

"உங்க தம்பி. உறுதிப்படுத்தக் கூப்பிட்டோம். உங்க நம்பர் எடுக்கல. அடுத்த நம்பருக்குப் போட்டோம். அக்கா இதுக்கு வர மாட்டாங்க, ஆபரேஷனுக்குத்தான் வருவாங்க, தேதியை வேற யாருக்காவது கொடுத்துடுங்கன்னு சொன்னார்."

கையில் கத்தரிக்கோல் இருக்கும்போது நான் போனை மேஜை டிராயரில் போட்டுவிடுவேன் என்று உனக்குத் தெரியும். இருபது வருஷமாகத் தெரியும்.

என்ன துணிச்சல் உனக்கு? அந்தக் கவுன்ட்டர் முன்னால் வரிசையில் பத்துப் பேர் நிற்க, "அவன் சொன்னதை விடுங்க, நான்தான் நோயாளி" என்று நான் என் உடம்புக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தை வேறு ஒரு அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருக்கட்டும் அவர். ஏப்ரல் 17க்கு முன்னால் இடம் இல்லையாம். மூன்று வாரம். மெதுவாக வளர்கிறது என்று டாக்டரம்மா தைரியம் சொன்னார். "மெதுவாக" என்றாலும் வளர்கிறதுதானே என்று மூன்று வாரமும் நான்தான் யோசித்துக்கொண்டிருக்க வேண்டும், நீ இல்லை.

மாமா ஆஸ்பத்திரி வாசலில் சத்தம் போட்டார். ஆமாம், மாமாதான். நீ வந்தால் வாசற்படி ஏற விடமாட்டேன் என்றார். கல்யாணமாகி முப்பத்தொன்பது வருஷத்தில் அவர் குரல் அப்படி உயர்ந்து நான் கேட்டதில்லை.

படிவத்தில் உன் நம்பரை அடித்துவிட்டேன். இப்போது டீச்சரம்மாவின் நம்பர் இருக்கிறது.


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை நீ படிக்காமல் கிழித்தால் மாமாவாவது எடுத்து ஒட்டிப் படிக்கட்டும்.

நான் செய்தது தப்பு. இந்த ஒரு வரியை எழுதப் பத்து நாள் ஆயிற்று. என் பெண்டாட்டி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை மேஜையில் வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். "உங்க அக்கா உடம்புக்கு நீங்க யாரு கையெழுத்துப் போட?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். போன சனிக்கிழமை மீன் கிடங்கில் ஒரு அறையின் கம்ப்ரசர் நின்றுவிட்டது. ஞாயிறு முழுக்க யாரும் கவனிக்கவில்லை. திங்கள் காலையில் மேனேஜர் வந்து பார்த்திருக்கிறார், எல்லாம் இளகிக் கிடந்திருக்கிறது. எனக்குச் சொல்லாமல் தானே சுவிட்சைத் தட்டி மறுபடி உறைய வைத்துவிட்டார். புதன்கிழமை பெட்டியைப் பிரித்தால் மீன் வெளியே பார்க்க அப்படியே கல்லு மாதிரி இருக்கிறது. ஒன்றை எடுத்து இளக வைத்து வெட்டினேன். உள்ளே ஈரப் பஞ்சு. பாதி தண்ணீராக ஓடிவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில் மேனேஜரைப் பிடித்துக்கொண்டேன். "அறிவிருக்கா உங்களுக்கு? உறையும்போது உள்ளே ஊசி ஊசியா ஐஸ் வளரும். சதையில இருக்கிற ஒவ்வொரு செல்லையும் குத்திக் கிழிக்கும். இளகும்போது உள்ளே இருக்கிறதெல்லாம் வெளியே கொட்டிடும். ஒரு தடவைன்னாகூட கொஞ்சம் தப்பிச்சிருக்கும். ரெண்டாவது தடவை உறைய வெச்சா ஒண்ணுகூட மிஞ்சாதுய்யா!" என்று கத்தினேன். கத்தி முடித்ததும்தான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். திட்டு வாங்கியவர் அவர், முகம் வெளுத்தது எனக்கு.

உறைய வைத்து, இளக விட்டு, மறுபடி உறைய வைப்பது. முப்பது வருஷமாக அது நடக்கக் கூடாது என்றுதான் ஓடி ஓடி வேலை செய்கிறேன். நடந்தால் உள்ளே எதுவும் பிழைக்காது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? அதைத்தான் உன் டாக்டரம்மா வேண்டுமென்றே செய்கிறார். உன்னிடம் "ஏன் இரண்டு தடவை" என்று நக்கல் அடித்த மேதாவி நான்.

17ஆம் தேதி நான் வரவில்லை. மாமா வாசலில் நிற்பார் என்பதால் மட்டும் இல்லை. உன் முன்னால் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை.

தம்பி


ஏப்ரல் 18

தம்பிக்கு,

முடிந்தது. நன்றாக இருக்கிறேன்.

உன் கடிதத்தை மாமா ஒட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. டாக்டரம்மா விளக்கியதும் ஏறக்குறைய உன் மீன் கதைதான். அவர் மீன் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். நான் போன மாதமே எழுதியிருந்தால் நீ நம்பியிருப்பாயா? மாட்டாய். மீன் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

சாய்வாகப் படுக்க வைத்தார்கள். மரத்துப்போகப் போட்ட ஊசிதான் வலித்தது. அதற்குப் பிறகு ஒரு அழுத்தம், அவ்வளவே. ஸ்கேன் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார்கள். கம்பி முனையைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டம் மெதுவாகப் பெரிதாகி, கட்டியை முழுசாக விழுங்கியது. தோல் உறைந்துவிடாமல் இருக்க நர்ஸ் மேலே வெதுவெதுப்பான ஈரத்துணியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தாள். "தம்பி குளிர்சாதன மெக்கானிக்" என்று சொன்னேன். "அப்ப அவரைக் கூட்டிட்டு வந்திருக்கலாமே, மெஷின் அப்பப்ப மக்கர் பண்ணுது" என்றாள். டாக்டரம்மா முறைத்தார். சும்மா சொன்னாளாம்.

இரண்டாவது தடவை உறையும்போது உன் நினைப்பு வந்தது. திட்டவில்லை.

ஒரு பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள். திங்கட்கிழமை பார்லர் திறக்கிறேன். அந்த இடம் சில மாதம் கெட்டியாகத்தான் இருக்குமாம், பயப்படக் கூடாதாம். அக்டோபரில் ஸ்கேன். அதில்தான் உண்மை தெரியும்.

கோபம் போகவில்லை. கொஞ்சம் இளகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அக்கா


ஜூன் 20

அக்காவுக்கு,

நேற்று மாமாவுக்குப் போன் செய்தேன். அதிசயமாக எடுத்தார், பேசவும் செய்தார். நடுவில், "முன்னாடியவிட இப்ப பெரிசா தட்டுப்படுதுன்னு சொல்றா" என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். பெரிதாகவா? அக்டோபர் வரைக்கும் யார் காத்திருப்பது? உடனே போய்க் காட்டு. வெட்டச் சொல். கத்துகிறேன் என்று நினைக்காதே, கடிதத்தில் எப்படிக் கத்துவது?

நான் ஏன் இப்படி இருக்கிறேன் என்று நீ கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை.

எனக்குப் பத்தொன்பது. அம்மா கொடியில் துணி போடக் கையைத் தூக்கியவள் முகத்தைச் சுளித்தாள். என்னம்மா என்றேன். ஒன்றுமில்லை என்றாள். விடாமல் கேட்டதும், கட்டி இருக்கிறது என்றாள். "அக்கா கல்யாணம் முடியட்டும். அது வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாதே. என் மேல சத்தியம்" என்றாள். நான் சத்தியம் செய்தேன். எட்டு மாதம். உன் கல்யாணத்தில் பந்தி பரிமாறினேன், எல்லோரோடும் சிரித்தேன், போட்டோவில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன், போய்ப் பார். ஆபரேஷனுக்குப் போனபோது அக்குள் வரை போய்விட்டது. அந்தக் கையால் கடைசி வரை அவளால் தலை வாரிக்கொள்ள முடியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம்கூட அவள் இருக்கவில்லை.

நான் அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் பிழைத்திருப்பாள். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாய். அன்று பேசாததற்கெல்லாம் சேர்த்து இப்போது கத்துகிறேன் போலிருக்கிறது. உன் மேல் கத்தி என்ன பயன்.

தம்பி


ஜூன் 27

அடப்பாவி,

முதலில் கட்டி. டாக்டரம்மாவிடம் போன மாதமே காட்டிவிட்டேன். செத்த திசு அப்படித்தான் கெட்டியாக, பெரிதாகத் தட்டுப்படுமாம். உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அதைக் கரைக்கும். மாமாவிடமும் இதைச் சொன்னேன். அவர் உனக்குப் பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் எனக்கென்றே பிறந்திருக்கிறீர்கள்.

இப்போது மற்றது.

அம்மா என்னிடமும் சொன்னாள்.

கல்யாணத்துக்கு ஏழெட்டு மாதம் முன்னால். அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். "தம்பிக்குப் பரீட்சை முடியட்டும். அவனுக்குத் தெரிஞ்சா படிக்க மாட்டான்" என்றாள். எனக்கும் அதே சத்தியம். உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவேன். கல்யாணப் போட்டோவில் நான் அழுதுகொண்டு நிற்பதை எல்லோரும் வேறு காரணத்துக்கென்று நினைத்தார்கள்.

நாற்பது வருஷமாக நான்தான் அவளைக் கொன்றேன் என்று நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன் தம்பி. நீ தனியாக, நான் தனியாக. ஒரே வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இரண்டு முட்டாள்கள். அம்மாவை என்ன செய்வது? இப்போது எழுந்து வந்தால் முதலில் கட்டிப்பிடித்து அழுவேன், பிறகு நன்றாகத் திட்டுவேன்.

அதனால்தான் ரிப்போர்ட் கைக்கு வந்த நிமிஷம், பெஞ்சை விட்டு எழாமல் உனக்குப் போன் போட்டேன். அம்மா செய்ததை நான் செய்யக்கூடாது என்று. ஒளிக்கக்கூடாது, முதலில் உனக்கே சொல்லிவிட வேண்டும் என்று. நீ எடுத்ததும் கத்தினாய்.

அக்டோபர் 16 ஸ்கேன். வா. மாமாவிடம் பேசிவிட்டேன், வாசற்படி ஏறலாம். கத்தினால் டீச்சரம்மாவை விட்டுத் துரத்துவேன்.

அக்கா


அக்டோபர் 30

அக்காவுக்கு,

ஊர் வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. டாக்டரம்மா திரையைக் காட்டி, "இங்க ரத்த ஓட்டமே இல்ல பாருங்க, எல்லாம் வெறும் தழும்பு. உயிரோட எதுவும் தெரியல" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த ஸ்கேன், அதற்கடுத்த ஸ்கேன், மாத்திரை என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார், எனக்கு முதல் வாக்கியத்துக்குப் பிறகு எதுவும் ஏறவில்லை. நான் கத்தவில்லை என்பதை நீ கவனித்தாயா? மூக்கைச் சிந்தியதைக் கணக்கில் சேர்க்காதே. மறுநாள் பார்லரில் நீ கையைத் தூக்கி டீச்சரம்மாவுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்ததை வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

அங்கேயே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. நீ சிரித்துக்கொண்டிருந்தாய், வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தோன்றியது, இதைத்தானே அம்மா செய்தாள்.

மூன்று மாதமாகப் படி ஏறினால் எனக்கு நெஞ்சை அடைக்கிறது. இடது கை வரை வலி இறங்குகிறது. கொஞ்சம் நின்றால் சரியாகிவிடுகிறது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. அவள் இப்போது பின்னாலிருந்து படிக்கவில்லை, கடைக்குப் போயிருக்கிறாள். வந்ததும் சொல்கிறேன். முதலில் உனக்கு.

இன்று காலை ஆஸ்பத்திரியில் போய்ப் பதிவு செய்தேன். அவர்கள் வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். இதயத்துக்கு ஏதோ குழாய் விட்டுப் பார்ப்பார்களாம். படிவத்தில் அவசரத்துக்கு ஒரு நம்பர் கேட்டார்கள். கை தானாக உன் நம்பரை எழுதியது.

இந்தக் கடிதம் வந்ததும் நீ போனை எடுத்துக் கத்துவாய் என்று தெரியும். கத்து. குறுக்கே பேச மாட்டேன். ஆனால் புதன்கிழமை உறுதிப்படுத்த ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் மட்டும், கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, டிராயரைத் திறந்து போனை எடு அக்கா. "வருவான்" என்று சொல்லு.

தம்பி